பள்ளியில் தொழில்நுட்பம்: திட்டமிடவும் மதிப்பிடவும் நிர்வாகிகள் கேட்கும் கேள்விகள்

தலைமையாசிரியர்கள், தாளாளர்கள், நிர்வாகக் குழுவினர் ஆகியோருக்கான பக்கம் இது. கருவி வாங்க நினைப்பது முதல் அதைக் கைவிடுவது வரை, வேலை நடக்கும் வரிசையிலேயே கேள்விகள் அமைந்துள்ளன. ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கைப் பல இடங்களில் உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

பாடம் எங்கே சிக்கி நிற்கிறது என்பதிலிருந்து. 'பள்ளியை டிஜிட்டல் ஆக்க வேண்டும்' என்று தொடங்கினால் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியது பயன்பட்டதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆசிரியர்களிடம் 'என்ன கருவி வேண்டும்?' என்று கேட்காதீர்கள். 'எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள்? ஏன்?' என்று கேளுங்கள்.

கிடைக்கும் பதில் இப்படி இருக்கலாம்: 'ஏழாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டும்போது பகுதியையும் தொகுதியையும் தனித்தனியாகக் கூட்டிவிடுகிறார்கள். நோட்டைத் திருத்திக் கொடுக்க நான்கு நாள் ஆகிறது. அதற்குள் அடுத்த பாடம் வந்துவிடுகிறது.' இங்கே தேவைப்படுவது உடனுக்குடன் திருத்தம். அதற்குப் பயிற்சி மென்பொருள் உதவலாம். ஸ்மார்ட் போர்டு உதவாது. அந்த மென்பொருளை ஓட்ட வாரத்துக்கு இரண்டு பாடவேளை கணினி அறை போதுமென்றால், ஆளுக்கொரு லேப்டாப் தேவையில்லை.

இதை ஒரே வாக்கியமாக எழுதிவையுங்கள்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், என்ன சிக்கல், எந்தக் கருவி, எந்த மாதத்துக்குள் என்ன மாற வேண்டும். இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

ஐந்தாறு பேர் போதும். பாட ஆசிரியர்கள் இருவர் இருக்கட்டும். அவர்களில் ஒருவர் கணினியில் அவ்வளவு ஈடுபாடு இல்லாதவராக இருப்பது நல்லது. கணக்கர், கணினிகளைப் பராமரிப்பவர், பெற்றோர் ஒருவர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவர். விற்பனைப் பிரதிநிதி விளக்கம் தர வரலாம், குழுவில் உட்காரக் கூடாது.

ஏற்கெனவே இருப்பதை எப்படிக் கணக்கெடுப்பது?

இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை நம்பாமல் அறை அறையாகப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கருவியையும் இயக்கி, எத்தனை நிமிடத்தில் வேலைக்குத் தயாராகிறது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, எந்த ஆண்டு வாங்கியது, இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று குறியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. குரோம்புக் (கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் லேப்டாப்) என்றால் மாடலுக்கு மாடல் அப்டேட் முடியும் தேதி உண்டு, அதை அமைப்புகள் பக்கத்திலேயே பார்க்கலாம். பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

கருவிகளோடு அறையையும் கணக்கெடுக்க வேண்டும்: பிளக் பாயின்ட் எத்தனை, எர்த் சரியாக இருக்கிறதா, பிற்பகல் வெயிலில் திரை தெரிகிறதா, பூட்டு இருக்கிறதா. பயன்படாமல் கிடக்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள். சார்ஜர் தொலைந்தது, பாஸ்வேர்டு தெரிந்த ஆசிரியர் மாற்றலாகிவிட்டார், புரொஜெக்டர் ஃபில்டரில் தூசி அடைத்துச் சூடேறி அணைகிறது என்பன போன்ற காரணங்களே பெரும்பாலும் வரும். இவற்றைச் சரிசெய்தாலே புதிதாக வாங்க வேண்டியது கணிசமாகக் குறையும்.

இணைய வேகம் எவ்வளவு வேண்டும்?

மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரே நேரத்தில் நடக்கும் வேலையை வைத்துக் கணக்கிடுங்கள். 720பி தரத்தில் ஒரு வீடியோ ஓட ஏறத்தாழ 2.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வேகம் வேண்டும். 30 பேர் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே வகுப்புக்கு 75 எம்பிபிஎஸ். அதே வீடியோவை ஆசிரியர் புரொஜெக்டரில் காட்டினால் 2.5-உடன் முடிந்தது. பாடம் நடத்தும் முறையே வேகத்தின் தேவையை இத்தனை மாற்றுவதால், பாடத்திட்டம் முடிவாகாமல் இணைப்புக்கு ஒப்பந்தம் போட வேண்டாம். பதிவேற்ற வேகத்தையும் தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் பதிவிறக்க வேகம் மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கும், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒப்படைப்பை அனுப்பும்போது திணறுவது பதிவேற்றம்தான்.

அப்டேட்டுகளை இரவு நேரத்துக்கு மாற்றிவையுங்கள். விடுமுறை முடிந்து திறக்கும் முதல் நாள் எல்லாக் கணினிகளும் ஒன்றாக அப்டேட் இழுக்கும், இணைப்பு முடங்கும். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே அனைத்தையும் இயக்கிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது.

வேகம் போதுமான அளவு இருந்தும் 'வைஃபை கிடைக்கவில்லை' என்ற புகார் ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, முகவரி தீர்ந்துபோவது. சாதாரண ரவுட்டர் அமைப்பில் ஏறத்தாழ 250 ஐபி முகவரிகளே (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் அடையாள எண்) உண்டு. பள்ளிக் கருவிகளோடு ஆசிரியர்களின் போன்களும் சேர்ந்தால் காலை பத்து மணிக்குள் அவை தீர்ந்துவிடும். பிறகு வரும் கருவி சிக்னல் முழுமையாகக் காட்டும், ஆனால் இணையம் வராது. முகவரிக் குத்தகைக் காலம் (ஒரு கருவிக்கு முகவரி ஒதுக்கிவைக்கப்படும் நேரம்) 24 மணி நேரமாக இருந்தால் அதை ஒன்றிரண்டு மணி நேரமாகக் குறையுங்கள், முகவரி வரம்பை விரிவாக்குங்கள். ஆசிரியர்களின் சொந்த போன்களுக்குத் தனி நெட்வொர்க் கொடுங்கள்.

இரண்டாவது, அலைவரிசை நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அடுத்தடுத்த அறைகளில் ஒரே சேனல் இருந்தால், அக்சஸ் பாயின்ட்டை (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) அதிகப்படுத்த அதிகப்படுத்த நிலைமை மோசமாகும். வகுப்பறைகளில் 5 கிகாஹெர்ட்ஸை முதன்மையாக வைத்து, அலை பரப்பும் திறனைக் குறைத்து வையுங்கள்.

மூன்றாவது, நடைபாதையில் மாட்டிய அக்சஸ் பாயின்ட். சுவரைத் தாண்டி அலை பலவீனமாகத்தான் வரும். 30 கருவிகள் ஒன்றாக இயங்கும் அறை என்றால் அந்த அறைக்குள்ளேயே ஒன்று வேண்டும். நெட்வொர்க் சுவிட்சிலிருந்து (கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) அதுவரை செல்லும் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

காலி அறையில் ஒரே லேப்டாப்பை வைத்துச் சோதித்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு முழு வகுப்பை உட்காரவைத்து, எல்லோரும் ஒரே நிமிடத்தில் உள்நுழைவதைப் பார்த்த பிறகே நிறுவனத்துக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

சார்ஜ் செய்யும் ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

லேப்டாப்புகளை அடுக்கிச் சார்ஜ் செய்யும் வண்டி ஒன்றில் 65 வாட் சார்ஜர் 30 என்றால் 1,950 வாட். 230 வோல்ட்டில் அது எட்டரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 16 ஆம்பியர் சர்க்யூட் ஒரு வண்டியைத் தாங்கும். இரண்டை ஒன்றாகச் செருகினால் அளவைத் தாண்டிவிடும், பிரேக்கர் விழலாம். வண்டிக்கொரு சர்க்யூட் கொடுங்கள், அல்லது உள்ளே பகுதி பகுதியாக மாற்றிச் சார்ஜ் செய்யும் டைமர் உள்ள வண்டியை வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிகளை ஒன்றில் ஒன்று செருகுவது தீ விபத்துக்கு வழி.

நீண்ட விடுமுறைக்கு முன் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் விட்டு, முழுவதும் அணைத்து, வெயில் படாத அறையில் வையுங்கள். பூஜ்யத்தில் விட்டுப் பூட்டினால் திறக்கும்போது பல பேட்டரிகள் உயிர் விட்டிருக்கும். டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அந்தக் கருவியை உடனே மாணவர்களிடமிருந்து விலக்குங்கள். சார்ஜ் போட வேண்டாம், அழுத்தி மூட முயல வேண்டாம்.

ஆளுக்கொரு கருவியா, பகிர்ந்துகொள்வதா?

கருவி கையில் இருப்பதாலேயே கற்றல் உயராது. பெரு நாட்டில் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்த பெரும் திட்டத்தை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், ஒரு மாணவருக்கான கணினி விகிதம் 0.12-இலிருந்து 1.18-ஆக உயர்ந்தது. கணக்கு, மொழித் தேர்வு மதிப்பெண்களில் மாற்றம் தென்படவில்லை. மறுபுறம், டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. அங்கே மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையின் இப்போதைய நிலையைக் கண்டறிந்து அங்கிருந்து பயிற்சி கொடுத்தது. கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார். பணம் போக வேண்டிய திசையை இந்த இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன.

வீட்டிலும் தொடர வேண்டிய நீண்ட எழுத்துப் பணி, நிரல் எழுதும் பாடம் போன்றவை இருந்தால் ஆளுக்கொன்று நியாயம். வாரம் மூன்று பாடவேளைக்குள் முடியும் பயிற்சிக்கு வண்டியோ கணினி அறையோ போதும். ஆனால் பகிர்வதிலும் ஒரு செலவு இருக்கிறது. 40 நிமிடப் பாடவேளையில் கருவியை எடுத்துக் கொடுக்க 5, உள்நுழைய 4, திரும்ப வாங்கி அடுக்க 4 என்று 13 நிமிடம் போனால், வாரம் மூன்று முறைக்கு 39 நிமிடம். வாரம் ஒரு பாடவேளை அப்படியே கரைகிறது! இருக்கை எண்ணையே கருவி எண்ணாக ஒட்டுவது, சிறு பிள்ளைகளுக்கு கியூஆர் அட்டை மூலம் உள்நுழைவு, இரட்டைப் பாடவேளை ஒதுக்குவது ஆகிய மூன்றும் இதைப் பாதியாகக் குறைக்கும்.

விலைப்பட்டியலில் வராத செலவுகள் எவை?

பழுதானால் மாற்றிக் கொடுக்க வைத்திருக்கும் உபரிக் கருவிகள் (மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்), சார்ஜர், உறை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் லைசென்ஸ், வாரண்டிக்குப் பிந்தைய சர்வீஸ், யுபிஎஸ் பேட்டரி (மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை), மின்கட்டணம், பயிற்சி நாட்களில் மாற்று ஆசிரியருக்கான ஏற்பாடு, பராமரிப்பவரின் ஊதியம், கடைசியில் மின்கழிவாக ஒப்படைக்கும் செலவு. இவை அனைத்தையும் ஐந்து ஆண்டுக்குக் கூட்டி, உண்மையில் பயன்படுத்தப்போகும் பாடவேளைகளால் வகுங்கள். ஒரு பாடவேளைக்கான செலவு தெரிந்தபின் குழுவில் விவாதம் நேர்மையாக நடக்கும்.

நன்கொடையாக வரும் பழைய கணினிகளுக்கும் இதே கணக்குதான். பத்து விதமான மாடல்கள் வந்தால் பத்து விதமான சார்ஜர், பத்து விதமான பழுது. மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்றால்?

கருவியில் போடாதீர்கள். கேபிள், மின்இணைப்பு, எர்த், பூட்டு, திரைச்சீலை, ஏற்கெனவே உள்ளவற்றின் பேட்டரி மாற்றம் ஆகியவற்றில் போடுங்கள். எந்தத் திட்டம் வந்தாலும் இவை பயன்படும்.

ஒப்பந்தத்தில் எவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்?

பழுதான கருவிக்கு எத்தனை வேலைநாளில் மாற்று வரும். தாமதத்துக்கு எவ்வளவு தொகை கழிக்கப்படும். வாரண்டி பள்ளி வளாகத்திலேயே செல்லுமா, அல்லது நாமே சுமந்து போக வேண்டுமா. லைசென்ஸ் மாணவர் பெயருக்கா கருவிக்கா. இரண்டாம் ஆண்டு விலை உயர்வுக்கு என்ன உச்சவரம்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒப்பந்தம் முடியும்போது மாணவர் தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தருவார்கள், தங்களிடம் உள்ளதை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பது. 'பிடிஎஃப் ஆகத் தருவோம்' என்பது போதாது. வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய சிஎஸ்வி கோப்பாக (அட்டவணைத் தரவை எளிய எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) வேண்டும். பயிற்றுமொழியில் எழுத்துகள் சிதையாமல் தட்டச்சு செய்ய முடிகிறதா என்பதை, கையெழுத்திடும் முன் ஒரு மாணவரை உட்காரவைத்துப் பாருங்கள்.

ஆசிரியர் பயிற்சியை எப்படி அமைப்பது?

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே நாளில் எல்லா வசதிகளையும் காட்டும் பயிற்சி நிற்பதில்லை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் நினைவில் தங்கும், அதுவும் இரண்டு வாரத்துக்கு. ஆசிரியர் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை எடுத்துக்கொண்டு, அதை அங்கேயே தயாரிக்கவைத்து, நடத்தும்போது ஒருவர் உடன் இருந்து, பிறகு அரை மணி நேரம் பேசுவது. இந்தச் சுற்று ஒரு பருவத்தில் மூன்று முறை வந்தால் பழக்கமாகிவிடும். கரண்ட் போனால், இணையம் போனால் அந்தப் பாடத்தை எப்படித் தொடர்வது என்பதும் பயிற்சியில் இருக்க வேண்டும். ஒருமுறை வகுப்பின் நடுவில் கைவிடப்பட்ட ஆசிரியர் மறுமுறை அந்தக் கருவியைத் தொடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று நினைப்பது பெரிய அநியாயம்.

எல்லோருக்கும் கொடுக்கும் முன் சில வகுப்புகளில் மட்டும் முன்னோட்டம் தேவையா? எவ்வளவு காலம்?

ஒரு முழுப் பருவம். முதல் மூன்று நான்கு வாரங்கள் புதுமையின் உற்சாகத்தில் எல்லாமே நன்றாகத் தெரியும். அதன் பிறகு தெரிவதுதான் உண்மை நிலவரம். ஆர்வமுள்ள ஆசிரியர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் முடிவு பொய்யாக வரும். நான்கு பேர் என்றால் இருவராவது சாதாரணப் பயனாளர்களாக இருக்கட்டும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டு ஐபேட் வழங்கத் தொடங்கியது. முதல் சில வாரங்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புக் கட்டுப்பாட்டை நீக்கி விரும்பிய தளங்களுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. இத்தகைய ஓட்டை ஒரே பள்ளியில் ஒரு பருவம் சோதித்தாலே தெரிந்துவிடும்.

முன்னோட்டம் தொடங்கும் முன்பே 'இந்த அளவு முன்னேற்றம் வந்தால் விரிவாக்குவோம், வராவிட்டால் நிறுத்துவோம்' என்று எழுதிக் குழு கையெழுத்திட வேண்டும். முடிந்த பிறகு எழுதினால் வந்த முடிவுக்கேற்ப இலக்கு வளைந்துகொள்ளும்.

மென்பொருள் தரும் பயன்பாட்டு அறிக்கையே மதிப்பீட்டுக்குப் போதாதா?

போதாது. திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாலும் நிமிடங்கள் கூடிக்கொண்டே போகும். உள்நுழைந்தவர் எண்ணிக்கை, பயன்படுத்திய நிமிடம் ஆகிய இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, முடித்த பயிற்சிகள், முதல் முயற்சியில் சரியானவை, தவறுக்குப் பிறகு திருத்திக்கொண்டவை என்று பாருங்கள். அறிக்கை ஒன்றுக்கு மட்டும் மிகவும் உதவும்: லைசென்ஸ் எண்ணிக்கை. தொடர்ந்து இரண்டு மாதம் யாரும் தொடாத கணக்குகளை அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டாம்.

அப்படியானால் கற்றலில் ஏற்பட்ட மாற்றத்தை எப்படி அளப்பது?

பின்னக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று. தொடங்கும் முன், பருவ முடிவில், அதற்கு ஆறு வாரம் கழித்து என மூன்று முறை, எண்களை மட்டும் மாற்றி அதே கடினத்தில் வையுங்கள். தேர்வு காகிதத்தில் நடக்கட்டும். மென்பொருளுக்குள்ளேயே நடத்தினால் அந்தத் திரைக்குப் பழகியதைத்தான் அளப்பீர்கள். மென்பொருள் இல்லாத இன்னொரு பிரிவுக்கும் அதே தாளைக் கொடுங்கள்.

கற்பனை எண்களில் பார்த்தால்: 'அ' பிரிவின் சராசரி 4.1-இலிருந்து 6.8 ஆகிறது, கூடியது 2.7. 'ஆ' பிரிவு 4.3-இலிருந்து 6.1, கூடியது 1.8. கருவியின் பங்காகக் கருதத்தக்கது 2.7 அல்ல, இடையில் உள்ள 0.9 மட்டுமே. பிள்ளைகள் எப்படியும் ஒரு பருவத்தில் வளர்ந்திருப்பார்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் 0.9 தற்செயலாகவும் வரலாம் என்பதால் ஒரே பிரிவை வைத்து முடிவெடுக்காமல் இரண்டு மூன்று பிரிவுகளில் பாருங்கள்.

சராசரியோடு நிற்காமல் கடைசி மூன்றில் ஒரு பங்கு மாணவர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். முன்னணியில் இருப்பவர்கள் மட்டும் ஏறி, பின்தங்கியவர்கள் அப்படியே நின்றாலும் சராசரி உயரும். தாளில் தவறின் வகையும் முக்கியம்: பகுதிகளைத் தனியாகக் கூட்டும் பிழை குறைந்ததா? அந்தப் பிழைக்காகத்தானே வாங்கினோம்.

ஒரு பிரிவுக்குக் கொடுத்து இன்னொன்றுக்கு மறுப்பது நியாயமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்பது சரிதான். முதல் பருவம் ஒரு பிரிவு, அடுத்த பருவம் மற்றது என்று கட்டம் கட்டமாகக் கொடுத்தால் ஒப்பீடும் கிடைக்கும், யாருக்கும் இழப்பும் இல்லை.

வகுப்பைப் பார்வையிடும்போது எதைக் குறிப்பது?

பத்து நிமிடம் பின்வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாத் திரைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எத்தனை திரையில் பாடம், எத்தனையில் வேறு ஏதோ, எத்தனை பேர் உதவிக்குக் காத்திருக்கிறார்கள் என்று மூன்று எண்கள். கூடவே, மாணவர் எழுதுகிறாரா, கணக்குப் போடுகிறாரா, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பதும். இது ஆசிரியரை மதிப்பிடும் பதிவாகப் போகாது என்று முன்கூட்டியே உறுதி கொடுங்கள். இல்லையென்றால் உங்களுக்காக ஒத்திகை பார்த்த வகுப்பைத்தான் காண்பீர்கள்.

மாணவர் தரவைப் பாதுகாக்கக் குறைந்தபட்சம் என்ன செய்வது?

தேவையில்லாததை வாங்காதீர்கள். பின்னக் கணக்குப் பயிற்சிக்குப் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் எதற்கு? நிர்வாகக் கணக்குகள் அனைத்துக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) வையுங்கள். விலகிய ஊழியரின் கணக்கை அன்றே முடக்குங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று பள்ளிக்கு வெளியே என்ற முறையில் காப்புப் பிரதி எடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். பெற்றோர் ஒப்புதல் தேவைப்படும் வயது இடத்துக்கு இடம் மாறும்: அமெரிக்கச் சட்டத்தில் 13-க்குக் கீழ், ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டைப் பொறுத்து 13 முதல் 16, இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18-க்குக் கீழ்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அனுமதிக்கலாமா?

முதலில் ஆசிரியர்களின் தயாரிப்பு வேலைக்கு அனுமதியுங்கள்: வினாத்தாள் வரைவு, பயிற்சிக் கணக்குகள். மாணவர் பெயர், மதிப்பெண், உடல்நலக் குறிப்பு எதையும் அதில் இடக் கூடாது என்பது எழுத்தில் இருக்கட்டும். மாணவர்களுக்குத் திறக்கும் முன் அந்தச் சேவையின் வயது வரம்பைப் பாருங்கள். 'இது இயந்திரம் எழுதியது' என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை வைத்து எந்த மாணவரையும் தண்டிக்க வேண்டாம். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்று கூறி 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. சந்தேகம் வந்தால் மாணவரை அருகில் உட்காரவைத்து, எழுதியதை விளக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு கருவியை எப்போது, எப்படி நிறுத்துவது?

தொடக்கத்தில் கையெழுத்திட்ட இலக்கை இரண்டு பருவம் தொடர்ந்து எட்டவில்லை என்றால், காரணத்தைத் தேட ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபையோ பயிற்சியோ குறையாக இருந்தால் அதைச் சரிசெய்து இன்னொரு பருவம் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள். 'இவ்வளவு செலவழித்துவிட்டோமே' என்பது தொடர்வதற்குக் காரணம் ஆகாது.

நிறுத்தும் வரிசை: லைசென்ஸ் முடிய குறைந்தது 60 நாள் முன்பு எழுத்து மூலம் அறிவியுங்கள், ஏனென்றால் பல ஒப்பந்தங்கள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். மாணவர் பணிகளையும் மதிப்பெண்களையும் தரவிறக்கி, திறந்து பார்த்து, முழுமையாக இருக்கின்றன என்று உறுதிசெய்யுங்கள். அதன் பிறகே நிறுவனத்திடம் அழிக்கச் சொல்லி, அழித்ததற்கான கடிதத்தை வாங்குங்கள். வெளியே போகும் ஒவ்வொரு கருவியிலும் சேமிப்பகத்தை முழுமையாகத் துடைத்து, பள்ளியின் மேலாண்மைக் கணக்கிலிருந்து (கருவிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் கணக்கு) அதை நீக்கி, வரிசை எண்ணோடு பதிவேட்டில் குறியுங்கள். மேலாண்மையிலிருந்து நீக்க மறந்தால், அடுத்து வாங்கியவர் அதைத் திறக்க முடியாமல் உங்களைத் தேடி வருவார்.